கணக்குக் காட்டும் கடமை: அணுசக்தி நகரின் ஒரு வாரியம் பற்றி

அரசின் வெளிப்படைத்தன்மை பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் உத்திரமேரூரில்தான் தொடங்குவர். முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் அவை. வாரியப் பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அவை விதிக்கின்றன. மேடைகளில் பெருமைக்காக எடுத்தாளப்பட்டே அவ்விதி தேய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது அதன் வினைச்சொல். கணக்கு எழுதாமை அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை, காட்டாமையே குற்றம். ‘காட்டு’ என்ற வினை, பார்ப்பதற்கு ஒருவர் எதிரே இருப்பதை வேண்டி நிற்கிறது.

அக்கல்வெட்டின் ‘வாரியம்’ என்ற சொல்லை இன்று தன் தமிழ்ப் பெயரில் தாங்கி நிற்கும் நிறுவனங்களுள் ஒன்று மும்பையின் அணுசக்தி நகரில் இருக்கிறது: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அது யாருக்குக் கணக்குக் காட்டி வந்தது என்பதே இப்பதிவின் பொருள்.

செம்பூரைத் தாண்டினால், மான்கூர்டுக்கும் டிராம்பேக் குன்றுக்கும் இடையே விரியும் குடியிருப்பு அணுசக்தி நகர். அணுசக்தித் துறை ஊழியருக்காக எழுந்த இந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் பல. வாரியத்தின் தலைமையகமான நியாமக் பவன் இங்குள்ளது. ‘நியாமக்’ என்றால் ஒழுங்குபடுத்துபவர். அணுமின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகமும் இதே நகரில்தான். கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் அண்டை வீட்டார் என்பதில் தவறேதும் இல்லை. இருவரும் இறுதியில் விடை சொல்ல வேண்டிய இடமும் ஒன்றாக அமைந்ததே சிக்கல். கழகம் அணுசக்தித் துறையின்கீழ் இயங்குவது. வாரியமோ அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது; அந்த ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறைச் செயலரே.

இவ்வமைப்பின் வேர் 1948இல் இருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள், சட்டமன்றமாக அமர்ந்த அரசியல் நிர்ணய அவையில் நேரு அணுசக்தி மசோதாவை முன்மொழிந்தார். மைசூரைச் சேர்ந்த எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் ஒரு கூர்மையான வினாவை எழுப்பினார்: பிரிட்டிஷ் சட்டத்தில் மறைகாப்பு பாதுகாப்புத் துறைப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியதாயிருக்க, அமைதிப் பணிக்கென்று சொல்லப்படும் இந்திய ஆராய்ச்சி முழுவதற்கும் அது எதற்கு? இரண்டையும் எவ்வாறு பிரிப்பது என்பது தமக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட நேரு விடையிறுத்தார். மறைத்துப் பேசும் விடையன்று அது. ஆனால் பிரிக்க இயலாமை ஒரு நடைமுறை இடர்ப்பாடு என்ற நிலையிலிருந்து சட்டத்தின் நிலையான இயல்பாக மாறிவிட்டது. 1962இல் வந்த புதிய அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தகவல் வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரத்தை அரசிடம் விரிவாகவே விட்டுவைத்தது.

வாரியம் பிறந்தது 1983 நவம்பர் 15 அன்று. சட்டப்பூர்வமான தனி அமைப்பு வேண்டும் என்று மெக்கோனி குழு 1981இலேயே பரிந்துரைத்திருந்தது. பிறந்ததோ அரசாணை வழியே. ஆணையால் அமைந்ததை ஆணையாலேயே குறைக்கவும் இயலும் என்பது பின்னர் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில், குன்றுக்கு அப்பாலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டது.

அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்தது. 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், நரோரா மின் நிலையத் தீவிபத்தும் (1993) கைகாவில் கட்டுமானத்திலிருந்த கூரைக் கவிகை சரிந்ததும் (1994) பேசப்பட்ட சூழலில், துறையின் நிலையங்கள் அனைத்தையும் ஆராய்ந்து 1995இல் ஓர் அறிக்கை தயாரிக்கச் செய்தார். 130க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகள் அதில் பட்டியலிடப்பட்டன. அதை வெளியிடக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பம்பாய் சர்வோதய மண்டலும் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றன. 18ஆம் பிரிவைக் காட்டி அரசு மறுத்தது, மனு தள்ளுபடியானது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஆக, குறைகளைக் கண்டறியும் திறன் வாரியத்திடம் இருந்தது. கணக்கும் எழுதப்பட்டது. அதைக் காட்டுவதற்கே வழியில்லை.

இத்தனை மறைகாப்பும் நாட்டின் பாதுகாப்புக்காக என்பது வழக்கமான விடை. அணு ஆயுதத் தகவல்களைப் பொறுத்தவரை அதை நானும் மறுக்கமாட்டேன். 2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கண்டறிந்தவையோ அத்தகையவை அல்ல. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே மையங்களுள் வாரியத்தில் பதிவு பெற்றவை 5,270 மட்டுமே. எஞ்சிய 52,173, அதாவது நூற்றுக்கு 91, பதிவின்றி இயங்கின. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான இயக்ககத்தை மாநிலந்தோறும் அமைக்கவேண்டும் என்றிருந்தும், 2012 ஜூலையில் கேரளத்திலும் மிசோரமிலும் மட்டுமே அது அமைந்திருந்தது. விதிமீறலுக்கு வாரியம் அபராதம் விதிக்க இயலாதிருந்தது. அன்றைய சட்டத்திலிருந்த அபராதமும் சில குற்றங்களுக்கு அதிகபட்சம் 500 ரூபாயாகவே இருந்தது! கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வகுக்குமாறு 1983இலேயே பணிக்கப்பட்டும், அது வகுக்கப்படவே இல்லை.

தெருமுனை எக்ஸ்ரே மையத்தில் எந்த இராணுவ இரகசியமும் கிடையாது. அங்கு நாள்தோறும் கதிர்வீச்சுக்கு அருகில் நிற்பவர் சொற்பச் சம்பளம் வாங்கும் ஒரு பணியாளர். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் நிகழ்ந்ததும் இதே வகையைச் சேர்ந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்று ஏலத்தில் போயிற்று, உடைக்கப்பட்டது, ஒருவர் உயிரிழந்தார், வேறு சிலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர். இறந்தவர் கடைத் தொழிலாளி. ஏலம் விட்டது ஒரு பல்கலைக்கழகம் என்பதை நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் சற்று நின்று படிக்கவேண்டும்.

அணுமின்சாரத்தை வளங்குன்றா வளர்ச்சியின் தூணாக அரசு முன்வைக்கிறது. 2047க்குள் 100 கிகாவாட் என்பது 2025-26 நிதிநிலை அறிக்கையின் இலக்கு. கரிம உமிழ்வு குறைவு என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் உலையின் ஆயுள் அரை நூற்றாண்டு, கழிவின் ஆயுள் அதனினும் பன்மடங்கு. அத்தனை காலம் அருகில் வாழப்போகிறவர்களின் நம்பிக்கையை எந்தப் பொறியியலும் தராது. கூடங்குளத்தில் நடந்ததை இந்தக் கோணத்தில் பார்க்கிறேன். 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம், 1989இல் சுற்றுச்சூழல் அனுமதி. பொது விசாரணை கட்டாயமாவதற்கு முந்தைய காலம் என்பதால், முதல் இரு உலைகளுக்கு அத்தகைய விசாரணை நடக்கவில்லை. தள மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சுப. உதயகுமார் கேட்டார். அணுமின் கழகம் மறுத்தது. 2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி இரண்டையும் தருமாறு உத்தரவிட்டார். வடிவமைப்பாளரின் வணிக இரகசியம் எனத்தக்க பகுதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்றார். பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கை தொடர்பில் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அப்போது புகுஷிமா நிகழ்ந்து ஓராண்டே ஆகியிருந்தது. இடிந்தகரை மக்கள் போராடிக்கொண்டிருந்தனர். உலை பாதுகாப்பானதென்று அவர்களிடம் பலமுறை சொல்லப்பட்டது. அதற்குச் சான்றான ஆவணத்தைக் காட்டாமலே சொல்லப்பட்டது என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது.

ஜப்பானிலும் கண்காணிப்பு முகமை, அணுமின்சாரத்தை ஊக்குவித்த அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. 2012 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணை ஆணையம், புகுஷிமா விபத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று எழுதி, அரசு, கண்காணிப்பாளர், மின் நிறுவனம் ஆகியோரின் கூட்டை வெளிப்படையாகச் சுட்டியது. அதே செப்டம்பரில் அங்கே புதிய ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. இங்கே 2011இல் கொண்டுவரப்பட்ட அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணைய மசோதா, 2014இல் 15ஆவது மக்களவையோடு காலாவதியானது.

வாரியம் மாறவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. தணிக்கைக்குப் பின்னர் எக்ஸ்ரே உரிமங்கள் ‘இ-லோரா’ என்ற இணையவழி முறைக்கு வந்தன; நோயாளி தன் ஊர் மையம் பற்றிக் கேட்க ஒரு பிடிமானம் கிடைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம், மெக்கோனி குழு கேட்ட சட்டத் தகுதியை 44 ஆண்டுகள் கழித்து வாரியத்துக்கு வழங்கியிருக்கிறது. தகவலைத் தடுக்கும் அதிகாரம் அச்சட்டத்திலும் மத்திய அரசிடமே இருக்கிறது. 1995ஆம் ஆண்டு அறிக்கையைக் காட்ட மறுத்ததும் அத்தகைய ஓர் அதிகாரத்தைக் கொண்டுதான்.