எந்த போஸ்ட்? – மின்கம்பக் கணக்கெடுப்பின் கதை

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது பொழுது போகவில்லை என்றால், தண்டவாளத்தின் ஓரமாக நிற்கும் இரும்புக் கம்பங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் இருக்கும். மேலே இருப்பது கிலோமீட்டர். கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் அது எத்தனையாவது கம்பம் என்பது. வழியில் கோளாறு எதையாவது பார்க்கும் டிரைவர் அந்த எண்களைச் சொன்னால் போதும், ஆட்கள் நேராக அங்கே போய் நிற்பார்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து தெருவுக்குள் நுழைந்தால் கதையே வேறு. ஈபி போஸ்ட்டில் பெயின்ட்டால் எழுதிய எண் பாதி அழிந்திருக்கும், மீதியை டியூஷன் சென்டர் நோட்டீஸ் மறைத்திருக்கும். போஸ்ட் விரிசல் விட்டிருக்கிறது என்று போன் செய்தால் முதலில் வரும் கேள்வி, "எந்த போஸ்ட்?". மளிகைக் கடைக்கு எதிரில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். வேப்பம்பட்டில் போய் வேப்பமரத்தை அடையாளம் சொன்னால் எப்படி இருக்கும்! :-)

மின்கம்பங்களைச் சோதிப்பதன் வரலாறே இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிய வரலாறுதான்.

இந்த ஊர் வழியாகப் போகும் ரயில் பாதை தென்னிந்தியாவின் முதல் பாதை. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. மின்சாரம் வந்தது ரொம்பத் தாமதமாக. சென்னை நகரத்தில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது என்றாலும், அரசு மின்சாரத்துக்கென்று தனித் துறை அமைத்தது 1927-ல்தான். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்தது. மின்சார வாரியம் பிறந்தது 1957-ல், அதுவும் ஜூலை 1 அன்று! (ரயில் பாதைக்கும் வாரியத்துக்கும் ஒரே பிறந்தநாள், நடுவில் 101 வருட இடைவெளி.) அதற்குப் பிறகுதான் கம்பிகள் கிராமம் கிராமமாகப் போயின. ஒரு பம்ப்செட்டுக்கு இணைப்பு கொடுக்க வயலுக்குக் குறுக்கே ஒரு வரிசை போஸ்ட் நட வேண்டியிருந்தது. இரும்பு போதாமல் வாரியமே களம் அமைத்து சிமென்ட் கம்பங்களை வார்த்தது. உயரம் 9.14 மீட்டர் என்று விசித்திரமாக எழுதியிருப்பார்கள். பழைய 30 அடிதான் அது. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஐந்தடி, மண்ணுக்குள் போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

நட்டாயிற்று. யார் பார்த்துக்கொள்வது? லைன்மேன்தான். அவர் லைன் போகும் வழியெல்லாம் நடந்து போவார். போஸ்ட் சாய்ந்திருக்கிறதா, சிமென்ட் உதிர்ந்து உள்கம்பி துரு தெரிகிறதா, ஸ்டே கம்பி தளர்ந்திருக்கிறதா, பீங்கான் உடைந்திருக்கிறதா, மரக்கிளை உரசுகிறதா என்று பார்ப்பார். இரும்பு போஸ்ட் என்றால் தரையை ஒட்டிய இடத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். மழைநீர் தேங்கி அரிப்பது அங்கேதான். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி அலுவலகத்தில் சொல்வார். ஆனால் உண்மையான ரிஜிஸ்டர் அவர் தலைக்குள்தான் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனாலோ ரிட்டையர் ஆனாலோ ரிஜிஸ்டரும் கூடவே போய்விடும்...

பி.காம் படிப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். கம்பெனித் தணிக்கை அறிக்கை ஆணை (2003-ல் வந்ததும் சரி, இப்போதுள்ள 2020 ஆணையும் சரி) தணிக்கையாளரிடம் கேட்பது இதைத்தான். சொத்துகளின் எண்ணிக்கையும் இருப்பிடமும் பதிவேட்டில் உள்ளதா? உரிய இடைவெளியில் நேரில் சரிபார்த்தார்களா? ஆபீஸில் மேஜை நாற்காலியை எண்ணுவது சுலபம். வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் லட்சக்கணக்கான கம்பங்களை எப்படி எண்ணுவது?

இதற்கு வழி விண்வெளியில் இருந்து வந்தது. ஜிபிஎஸ் 1990களிலேயே இருந்தாலும், பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை பிழை வரும். தெருவில் போஸ்ட்டுகள் 30 முதல் 50 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அப்படியானால் அந்தப் பிழைக்குள் நாலைந்து போஸ்ட் அடங்கிவிடும். மறுபடியும் அதே "எந்த போஸ்ட்?". 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தக் கெடுப்பை நிறுத்தியது. பிழை பத்து மீட்டர் அளவுக்குக் குறைந்தது. எந்த ஈபி ஆபீஸிலும் அன்று யாரும் லட்டு கொடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் கொடுத்திருக்க வேண்டிய நாள்தான்!

2008-ல் மத்திய அரசின் ஆர்-ஏபிடிஆர்பி திட்டம் மின்கம்பிகளையும் நுகர்வோரையும் கணினி வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. பொதுவாக 30 ஆயிரத்துக்கும் மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கான திட்டம் அது. கிராம ஊராட்சிகளை மனதில் வைத்து அது எழுதப்படவில்லை. அத்தோடு, ஒரு முறை ஆள் வைத்து எடுக்கும் கணக்கு எடுத்த மறுநாளே பழசாகிவிடும். வீட்டுமனைகள் பெருகும் புறநகரில் கேட்கவே வேண்டாம். மொபைல் போன் மாற்றியது இந்த இடத்தைத்தான். கேமரா, ஜிபிஎஸ், கடிகாரம் மூன்றும் ஒரே சட்டைப் பையில் வந்துவிட்டன. போஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிறவரே படம் எடுக்கலாம், இடமும் தேதியும் தானாகப் பதிவாகும், சிக்னல் இல்லாவிட்டால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். (இருப்பிடத்தையே பொய்யாகக் காட்டும் ஆப்களும் உண்டு என்பது வேறு விஷயம்.)

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2019 செப்டம்பரில் சிட்லபாக்கத்தில் நடந்ததைச் சொல்லலாம். மின்கம்பம் விழுந்து ஒருவர் இறந்துபோனார். கம்பம் ஏற்கெனவே பழுதாகி இருந்தது என்றனர் அங்கிருந்தவர்கள். லாரி மோதியதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. அந்தக் கம்பத்தின் சில மாதத்துக்கு முந்தைய படம் ஒன்று, தேதியோடு, எல்லோரும் பார்க்கும்படி இருந்திருந்தால் இந்த வாக்குவாதமே தேவைப்பட்டிருக்காது. 2021-ல் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். எல்லாமே கம்பத்தால் வந்தவை இல்லைதான். ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடிகிறவரை எந்தச் சாவுக்கும் பொறுப்பாளி கிடைக்க மாட்டார்.

தலைக்குள் இருக்கும் ரிஜிஸ்டர் எப்போது கைவிடும் என்பதை 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் காட்டியது. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களில் இருந்தும் பக்கத்து மாநிலங்களில் இருந்தும் ஆட்கள் வந்து உழைத்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்த வயல்களில் லைன் எப்படி ஓடியது என்று மனப்பாடம் கிடையாது.

கம்பத்தின் மேல் யாருடைய கம்பியெல்லாம் ஏறியிருக்கிறது என்பது தனிக் கதை. 2007 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் பலத்த காற்றில் மூன்று கம்பங்கள் விழுந்து காட்டுத்தீ பற்றியது. மின்கம்பிகளோடு டெலிபோன் கம்பெனிகளின் கேபிள்களும் சேர்ந்து ஏற்றிய பாரம் விசாரணைக்கு வந்தது. கடைசியில் மின் நிறுவனமும் டெலிபோன் கம்பெனிகளும் பல மில்லியன் டாலர் கட்டின. அந்தப் பகுதிக் கம்பங்களைச் சோதித்துப் பலப்படுத்தவும் பணம் ஒதுக்கப்பட்டது.

வேப்பம்பட்டுக்கு மாலிபு அவ்வளவு தூரம் இல்லை. இங்கே போஸ்ட் ஈபியுடையது, தெருவிளக்கு ஊராட்சியுடையது, சுருட்டித் தொங்கவிட்ட கேபிள் டிவி ஒயரும் இன்டர்நெட் ஒயரும் வேறு யாருடையதோ. 2021 ஜூனில் தமிழக அரசு 'மின்னகம்' என்ற 24 மணி நேரப் புகார் மையத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். வீட்டுக்கு சர்வீஸ் நம்பர் உண்டு, அதைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். வாசலில் சாய்ந்து நிற்கும் போஸ்ட்டுக்குத்தான் அழியாத நம்பர் இல்லை. அதை அடையாளம் காட்ட இன்னமும் பக்கத்து வீட்டு சர்வீஸ் நம்பரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.