டேவ் ஆலனின் ஸ்டூல் பிறந்த கதை

1970-களில் பிபிசி 2-இல் இரவு வேளையில் ஒரு நிகழ்ச்சி வரும். கோட்டும் டையும் அணிந்த ஒருவர் உயரமான ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் சிகரெட், எட்டும் தூரத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர். இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். அந்தப் பாதி விரலால் பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டபடி, அவசரமே இல்லாமல் ஏதோ ஒரு கதையை ஆரம்பிப்பார். பாதிரியார், குடிகாரர், சவ அடக்கம், பள்ளிக்கூடம் என்று எங்கெங்கோ சுற்றுவார். கதை முடிவதற்குள் பார்ப்பவருக்கு வயிறு வலிக்கும். அவர்தான் அயர்லாந்துக்காரர் டேவ் ஆலன்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர்கள் உட்கார மாட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடி துணுக்குக்கு மேல் துணுக்காக வீசுவார்கள். மாமியார் துணுக்கு, கஞ்சன் துணுக்கு, முட்டாள் அயர்லாந்துக்காரன் துணுக்கு. எல்லாம் யாரோ எழுதி, யார் வாயிலும் பொருந்துகிற சரக்கு. அப்படி ஒரு காலத்தில் ஒருவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் சொந்த வாழ்க்கையைப் பேச எப்படித் துணிந்தார்?

ஸ்டூல் பின்னால் வந்தது. முதலில் வந்தது பேச்சு. டேவிட் டைனன் ஓ'மஹோனி என்ற இயற்பெயரோடு அவர் 1936 ஜூலை 6 அன்று டப்ளினுக்கு அருகே ஃபர்ஹவுஸில் பிறந்தார். அப்பா 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழின் பொது மேலாளர். அப்பாவைப் பெற்ற பாட்டி நோரா டைனன் பத்திரிகையாளர். 'ஃப்ரீமன்ஸ் ஜர்னல்' நாளிதழில் பெண்கள் பகுதியைக் கவனித்தவர். பாட்டியின் சகோதரி காதரீன் டைனன், கவிஞர் யேட்ஸின் நண்பர், தானும் கவிஞர். அச்சு மையும் பேச்சும் கலந்த குடும்பம். டேவிடுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார்.

பேச்சு வீட்டில் கிடைத்தது என்றால் பேசுவதற்கான பொருள் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அன்றைய அயர்லாந்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் உண்டு என்று 1937-ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே எழுதி வைத்திருந்தது. பிள்ளைகளின் படிப்பு கன்னியாஸ்திரீகள், பாதிரியார்கள் கையில். பிரம்பும் நரகமும்தான் பாடத்திட்டம் என்று பின்னாளில் ஆலன் மேடையில் சொல்வார். முதல் நாள் கான்வென்ட்டுக்குப் போன கதை அவர் பலமுறை சொன்னது. ஒழுங்காக இருக்க வேண்டும், கெட்ட பையன்களுக்கு இங்கே தண்டனை உண்டு என்கிறார்கள் கன்னியாஸ்திரீகள். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஒருவரை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள்! குழந்தைக்கு அது சிலுவை என்று தெரியாது; தண்டனை என்றுதான் தெரியும். அவருடைய நகைச்சுவை முழுவதற்கும் இந்த ஒரு காட்சியே விதை.

பள்ளி முடிந்ததும் குடும்பத் தொழிலான பத்திரிகைப் பக்கம் போனார். ட்ரொகெடா நகரத்து 'ஆர்கஸ்' பத்திரிகையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். 19 வயதில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பத்திரிகை வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது பட்லின்ஸ் விடுமுறை முகாமில் சிவப்புக் கோட்டு. தொழிலாளர் குடும்பங்கள் கோடையில் குறைந்த செலவில் ஒரு வாரம் தங்கிப் போகிற முகாம்கள் அவை. அவற்றில் முதலாவதான ஸ்கெக்னஸ் முகாம் திறந்ததும் ஆலன் பிறந்த அதே 1936-இல்தான். சிவப்புக் கோட்டுக்காரர்களுக்கு விருந்தினர்களைக் குஷிப்படுத்துவதே வேலை. பகலில் குழந்தைகளோடு விளையாட்டு, இரவில் மேடை. மழை பெய்கிற நாளில் வெளியே போக முடியாமல் எரிச்சலில் இருக்கும் கூட்டத்தையும் சிரிக்க வைத்தாக வேண்டும். பல நகைச்சுவைக்காரர்கள் தொழில் பழகிய இடம் அது.

பெயரை மாற்றிக்கொண்டதும் அந்த நாட்களில்தான். ஓ'மஹோனி என்பது ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. ஏஜென்டுகளின் பட்டியலில் 'ஏ' எழுத்துக்காரர்கள் மேலே வருவார்கள் என்ற கணக்கும் இருந்தது. ஓ'மஹோனி ஆலன் ஆனார்.

1959-இல் பிபிசியின் 'நியூ ஃபேஸஸ்' திறமைப் போட்டியில் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் தெரிந்தார். பிறகு பாப் பாடகர்களின் சுற்றுப்பயணங்களில் தொகுப்பாளர் வேலை. 1963 தொடக்கத்தில் ஹெலன் ஷாபிரோவின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தை அவர் தொகுத்து வழங்கினார். அதே பயணத்தில் கீழ்வரிசையில் பாடி வந்தவர்கள் பீட்டில்ஸ். பாட்டுக்காகக் கத்திக்கொண்டிருக்கும் இளசுகள் முன்னால் இரண்டு பாட்டுக் கோஷ்டிகளுக்கு நடுவே வந்து நிற்பவர் நீட்டி முழக்க முடியாது. ஓடிவந்து ஒரு துணுக்கு, ஓடிப்போவதற்கு முன் இன்னொரு துணுக்கு. அதுவரை ஆலனும் ஊரோடு ஒத்துப்போன நிற்கும் நகைச்சுவைக்காரர்தான்.

திருப்பம் தெற்கே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனபோது, பாடகி சோஃபி டக்கர் அவருடைய திறமையைப் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பார் என்று சொன்னார். போனார். 1963-இல் சேனல் நைன் அவரிடம் 'டுநைட் வித் டேவ் ஆலன்' என்ற பேச்சு நிகழ்ச்சியையே கொடுத்துவிட்டது. ஸ்டூல் பிறந்த கதையின் நடுப்பகுதி இதுதான்.

பேச்சு நிகழ்ச்சியில் தொகுப்பாளர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விருந்தினரோடு உரையாட வேண்டும். நேரடி ஒளிபரப்பில் நேரத்தை நிரப்பவும் வேண்டும். கைவசம் இருக்கும் துணுக்குகள் சில நாட்களில் தீர்ந்துவிடும். தீராத சரக்கு ஒன்றுதான்: தன் வாழ்க்கை. கன்னியாஸ்திரீகள், டப்ளின் மதுக்கடைகள், அப்பா எல்லாம் அப்போது பேச்சுக்குள் வந்தார்கள். எழுதி வைத்த துணுக்கைவிட, நினைத்துப் பார்த்துச் சொல்கிற கதைக்கு ஜனங்கள் அதிகம் சிரித்தார்கள். ஒருநாள் நகைச்சுவைக்காரர்கள் பீட்டர் குக், டட்லி மூர் இருவரோடும் பேட்டி களைகட்டியிருந்த நேரத்தில் தயாரிப்பாளர் விளம்பர இடைவேளைக்குப் போகச் சொன்னார். ஆலன் நேரடி ஒளிபரப்பிலேயே அவரை அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொல்லி விரட்டினார். கொஞ்ச நாள் தடை விழுந்தது. பிறகு சத்தமில்லாமல் நீங்கியது. நல்ல பேச்சை யாருக்காகவும் நிறுத்த மாட்டேன் என்ற பிடிவாதம் அப்போதே வந்துவிட்டது.

பிரிட்டனுக்குத் திரும்பியதும் பாடகர் வால் டூனிகனின் நிகழ்ச்சியில் தோன்றினார். 1967-இல் ஐடிவியில் அதே 'டுநைட் வித் டேவ் ஆலன்' என்ற பெயரில் சொந்த நிகழ்ச்சி கிடைத்தது. 1971-இல் பிபிசி 2-இல் 'டேவ் ஆலன் அட் லார்ஜ்' தொடங்கியது. 1979 வரை ஓடியது. நடுநடுவே படம்பிடித்த குட்டி நாடகங்கள் வரும். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது அந்த ஸ்டூலுக்குத்தான்.

அது வேலை செய்த விதம் எளிது. நிற்பவர் அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பேசுகிறார். உட்கார்ந்திருப்பவர் எதிரில் இருப்பவரோடு பேசுகிறார். தொலைக்காட்சி பார்ப்பவர் தன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான். திண்ணையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்ததுபோல ஆகிவிடுகிறது. கேமரா முகத்தருகே வரலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. நிற்பவருக்கு மௌனம் பயம். சிரிப்பு விழாத ஐந்து நொடி அவருக்குத் தோல்வி. உட்கார்ந்திருப்பவர் ஒரு இழுப்பு புகைக்கலாம், ஒரு வாய் குடிக்கலாம். மௌனம் கதையின் பகுதியாகிவிடும். சிகரெட்டும் தம்ளரும் அவருக்கு அலங்காரப் பொருட்கள் இல்லை, நேரத்தை அளக்கும் கருவிகள். தம்ளரில் இருப்பது விஸ்கி என்று ஊரே நம்பியது. உள்ளே இருந்தது ஐஸ் போட்ட ஜிஞ்சர் ஏல். அவரும் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

விரல் கதையும் இப்படித்தான். சின்ன வயதில் ஏதோ இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கி நுனி போய்விட்டது. உண்மை ஒரு வரி. அதை வைத்து யாரும் நிகழ்ச்சி நடத்த முடியாது. அதனால் அவர் புதிது புதிதாகக் காரணம் சொன்னார். அண்ணன் கோடரியால் வெட்டிவிட்டான் என்பார். விஸ்கிக்குள் விட்டு விட்டுக் கரைந்துபோனது என்பார். தூசி தட்டித் தட்டியே தேய்ந்துவிட்டது என்பார். இருட்டு வீடும் பேயும் வருகிற நீண்ட கதை ஒன்றும் உண்டு. உட்கார்ந்து கதை சொல்பவரிடம் ஆதாரம் கேட்பதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள்.

நிதானமாக உட்கார்ந்திருந்த மனிதருக்குள் கோபம் நிறைய இருந்தது. கடவுள் கிருபையால் நான் நாத்திகன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர். அவருடைய குறி கடவுளைவிட, கடவுள் பெயரால் அதிகாரம் செலுத்தியவர்கள் மேல்தான். 1975-இல் போப்பாண்டவர் தேவாலயப் படிகளில் இசைக்கு ஏற்ப அங்கிகளைக் களைவதுபோல் ஒரு நாடகம் போட்டார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அயர்லாந்தின் ஆர்டிஈ தொலைக்காட்சி அவருடைய நிகழ்ச்சிக்குத் தடை போட்டது. ஆனால் அயர்லாந்தின் கிழக்குக் கரையில் ஆன்டெனாவைத் திருப்பினால் பிபிசி தெரியும். டப்ளின்காரர்கள் திருப்பிக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், உங்கள் கடவுள் உங்களோடு வரட்டும் என்று தம்ளரை உயர்த்திவிட்டுப் போவார். யார் கடவுள் என்பதை உங்களிடமே விட்டுவிட்டார்.

1990-இல் அவர் பிபிசிக்குத் திரும்பியபோது குட்டி நாடகங்கள் போயிருந்தன. சிகரெட்டை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். எஞ்சியது இருக்கையும் பேச்சும். அந்தத் தொடரில் ஒரு கதை சொன்னார்: வாழ்நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறோம். ஓய்வு பெறும் நாளில் நமக்கு என்ன பரிசு தருகிறார்கள்? ஒரு கடிகாரம். அந்தக் கடைசிக் 'கடிகாரம்' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் சேர்த்த வசைச்சொல்லுக்காகப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, பிபிசி மன்னிப்புக் கேட்டது. வசை நீக்கிப் பார்த்தாலும் அந்தக் கதை இன்றைய அலுவலக ஊழியருக்கும் சுடும்.

1996-இல் பிரிட்டிஷ் நகைச்சுவை விருதுகளில் வாழ்நாள் சாதனை விருது பெற்றார். 2005 மார்ச் 10 அன்று லண்டனில், 68 வயதில் காலமானார். ஜாக் டீ, எட் பைர்ன், டிலன் மோரன் போன்ற பிற்கால நகைச்சுவைக்காரர்கள் அவரைத் தங்கள் முன்னோடியாகச் சொல்கிறார்கள். சொந்த வாழ்க்கையைப் பேசும் நகைச்சுவை இன்று உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள், அதில் குறையில்லை. ஆலனிடம் கற்க வேண்டியது ஸ்டூலை அல்ல. மிகப் பெரிய அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போதும் குரலை உயர்த்தாமல் இருப்பது எப்படி என்பதைத்தான். அவரைப் பார்த்ததே இல்லை என்றால் அந்த 1990 தொடரிலிருந்து தொடங்குங்கள்.