வோர்ப்ஸ்வேடே ஓவியர் குடியிருப்பு

வட ஜெர்மனியில் பிரேமன் நகருக்கு வடகிழக்கே, டொய்ஃபெல்ஸ்மோர் என்னும் சதுப்பு நிலத்தில், வையர்பெர்க் குன்றின் அடியில் அமைந்த ஊர் வோர்ப்ஸ்வேடே. இங்குள்ளவர்கள் பீட் என்னும் எரிமண்ணை வெட்டிப் படகில் பிரேமனுக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள். 1884இல் ஓவியர் ஃபிரிட்ஸ் மாக்கென்ஸன் இங்கு வந்தார். 1889இல் அவரும் ஓட்டோ மோடர்ஸோனும் ஹான்ஸ் ஆம் எண்டேயும் இங்கேயே தங்கிவிடத் தீர்மானித்தனர். 1895இல் மியூனிக் கண்காட்சி இவர்களுக்குப் பெயர் தேடித் தந்தது.

அதே ஆண்டு ஹைன்ரிக் ஃபோகலர் பழைய குடியானவர் வீடு ஒன்றை வாங்கினார். கட்டடக்கலை பயிலாத ஓவியர் அவர். முகப்பு, படிக்கட்டு, தோட்டம், நாற்காலி, கரண்டிவரை தாமே வரைந்து அதைப் 'பார்க்கன்ஹோஃப்' ஆக்கினார். பிர்ச் மரங்களால் வந்த பெயர். 1900இல் கவிஞர் ரில்க்கே இங்கு விருந்தினராக இருந்தார். மறு ஆண்டு சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃபை மணந்தார். கிளாராவும் ஓவியர் பவுலா பெக்கரும் 1900இல் விளையாட்டாகத் தேவாலய மணியை அடிக்க, தீப்பற்றியதென்று ஊரே திரண்டது. தண்டனையாக அவர்கள் செய்த தேவதை முகங்களும் மலர் ஓவியங்களும் அத்தேவாலயத்தில் இன்றும் உள்ளன. 1905இல் ஃபோகலர் முடித்த பெரிய ஓவியத்தில் நண்பர்கள் பார்க்கன்ஹோஃப் வாசலில் கூடியிருக்கின்றனர், ரில்க்கே இல்லை. அவருக்கென ஓரிடம் வெறுமையாக விடப்பட்டது என்பாரும் உளர். பவுலா 1907இல், 31 வயதில் இறந்தார்.

முதல் உலகப் போருக்குப்பின் ஃபோகலர் வீட்டைப் பொதுவுடைமைக் கூட்டு வாழ்வுக்குத் திறந்துவிட்டார். 1924இல் அது தொழிலாளர் பிள்ளைகளின் இல்லமாயிற்று. அவர் அங்கு தீட்டிய சுவரோவியங்கள் நாஜி ஆட்சியில் அழிந்தன. அவரே 1942இல் கசக்ஸ்தானில் மறைந்தார்.

ஊரில் அடுத்து எழுந்த கட்டடங்களில் பல சிற்பி பெர்ன்ஹார்ட் ஹோட்கருடையவை. 1925இல் அவர் எழுப்பிய சிற்றுண்டிச்சாலையின் கோணல்மாணலான செங்கல்லையும் மரத்தையும் பார்த்து ஊரார் அதைப் 'பைத்தியக் காப்பிக்கடை' என்றனர். மறு ஆண்டு எழுந்தது, பாலாடைக்கட்டித் தட்டை மூடும் கவிகை போன்ற 'கேஸெக்ளோக்கெ' வீடு. வடிவம் தம்முடையதே என்றார் அதைக் கட்டிய எட்வின் கோனெமன். புரூனோ டவுட்டின் வரைபடத்தைத் தழுவியது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

பார்க்கன்ஹோஃப் 2004 முதல் அருங்காட்சியகம். ஃபோகலரைப் பிரிந்த அவர் மனைவி மார்த்தா, 1920இல் வேற்றூர்ப் பண்ணைவீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து, நாணல் கூரையோடு மீண்டும் நிறுத்தித் தறிகள் அமைத்தார். 'ஹவுஸ் இம் ஷ்லூ' என்னும் அவ்வீடும் இப்போது பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது.