புள்ளி விழாத விசைப்பலகை

பதுளையில் மழையும் பனிமூட்டமும் தொடங்கினால் என் பழைய மடிக்கணினியில் சிலவேளை புள்ளி விழாது. பாமினியில் அடிப்பவர்களுக்குத் தெரியும், செமிகோலன் விசைதான் புள்ளி. 1983இல் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனவர்களின் விண்ணப்பத்தில் அது விடுபட்டால் பெயரே மாறிவிடும்.

முதலில் வெளி விசைப்பலகை ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். அதில் சரியாக விழுந்தால் பழுது கணினியின் விசைப்பலகையில், அல்லது அதன் நாடா இணைப்பில். அதிலும் விழாவிட்டால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம்: விண்டோஸில் வலது ஷிப்டை 8 விநாடி அழுத்தியிருந்தால் ஃபில்டர் கீஸ் இயங்கி, வேகமாகத் தட்டும் எழுத்துகளை விட்டுவிடும். ஒரு விசை மட்டும் என்றால் பெரும்பாலும் தூசி, ஈரம். பல விசைகள் சேர்ந்தே நின்றால் பொதுவான மின்தடம் அறுந்திருக்கலாம். விசைப்பலகை மேலெழும்பியிருந்தால் பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம்.

திருத்தும்வரை, பெயர்களை உறவினருக்கு வாசித்துக் காட்டிய பின்பே அச்சிடுகிறேன்.