இந்தியப் பெருங்கடல் திமிங்கலங்கள்: ஒலிப்பதிவு வழி ஆய்வு

திமிங்கலங்கள் எழுப்பும் ஒலியை நீருக்கடியில் பதிவுசெய்து, எந்த இனம் எந்தக் கடலில் எந்த மாதத்தில் நடமாடுகிறது என்று கண்டறிவது ஒலிப்பதிவு வழி ஆய்வு. கப்பல் தளத்தில் நின்று கண்ணால் பார்த்து எண்ணுவது பழைய முறை. அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும், கடல் அடங்கியிருக்க வேண்டும், திமிங்கலம் மூச்சுவிட மேலே வரும் நேரத்தில் கப்பலும் பக்கத்தில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக்கடலில் இவை ஒன்றுகூடுவது அபூர்வம். கடலடியில் இறக்கிவைத்த ஹைட்ரோபோனுக்கு (நீருக்கடி ஒலிவாங்கிக்கு) இரவும் ஒன்றுதான், புயலும் ஒன்றுதான்.

இந்த முறை சாத்தியமானதற்குக் காரணம் கடல்நீரின் இயல்பு. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். அதிர்வெண் குறையக் குறைய வழியில் அது இழக்கும் வலுவும் குறைவு. நீலத் திமிங்கலத்தின் குரல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்தும் கருவிக்கு எட்டுகிறது. மனிதக் காதுக்கு அந்தக் குரலின் அடிப்பகுதி சரியாகப் பிடிபடாது. சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் கனரக லாரி போகும்போது வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிருமே, அப்படி உடம்பில்தான் உணர முடியும். ஆகவே ஆய்வாளர்கள் பதிவை வேகமாக ஓட்டிக் கேட்பார்கள். பெரும்பாலும் கேட்பதைவிட, ஒலியைப் படமாக்கிக் கணினித் திரையில் பார்ப்பதே வழக்கம்.

அடையாளம் தெரிந்த ஒரு திமிங்கல இனத்தின் குரலை முதலில் கடலில் பதிவுசெய்தவர்கள் வில்லியம் ஷெவில், பார்பரா லாரன்ஸ் இருவரும். கனடாவின் சாகனே ஆற்றில் வெண்திமிங்கலங்களின் ஒலியைப் பதிந்து 1949இல் வெளியிட்டார்கள். அதன்பின் இத்துறை வளர்ந்ததில் பாதிப் பெருமை நீர்மூழ்கி வேட்டைக்கு உரியது. சோவியத் நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்க அமெரிக்கக் கடற்படை விரித்த கருவிகளில் 20 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு விடாமல் கேட்டது. எதிரியின் இயந்திரமா, கடலடியின் குமுறலா என்றெல்லாம் குழம்பியபின், அது துடுப்புத் திமிங்கலத்தின் குரல் என்று 1964இல் ஷெவிலும் தோழர்களும் நிறுவினார்கள். கூன்முதுகுத் திமிங்கலம் எழுப்பும் ஒலி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் பாடல் என்பதை ரோஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே 1971இல் காட்டினார்கள். பனிப்போர் முடிந்ததும் கடற்படையின் வலைப்பின்னல் அறிவியலுக்குத் திறந்துவிடப்பட்டது. கிறிஸ்டோபர் கிளார்க் அதைக் கொண்டு ஒரே ஒரு நீலத் திமிங்கலத்தை 43 நாள் பின்தொடர்ந்தார், ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல்.

நம் பக்கத்துக் கடலில் இந்த ஆய்வு திருகோணமலையில் தொடங்குகிறது. சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1979இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலப் புகலிடமாக அறிவித்தது. அங்கு என்னதான் இருக்கிறது என்று பார்க்க 1982 முதல் 1984 வரை 'துலிப்' என்ற பாய்மரக் கப்பலில் ஒரு குழு இலங்கையைச் சுற்றி வந்தது. ஸ்பெர்ம் திமிங்கலங்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள். ஆனால் அபிகெயில் ஆலிங்கும் ஜோனதன் கோர்டனும் 1984இல் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கலப் பாடலையும் பதிவுசெய்தார்கள். பின் இலங்கை உள்நாட்டுப் போரில் அந்தக் கரை போர்க்கரை ஆகிவிட்டது. பதிவு மட்டும் தங்கி, 'இலங்கைப் பாடல்' என்று உலக ஆய்வேடுகளில் நிலைபெற்றது. அடியில் அதிரும் துடிப்புகள், அதையடுத்து ஏறும் ஒரு கோடு, கடைசியாக 100 ஹெர்ட்ஸ் அருகே நீண்டு ஓடும் ஒற்றைக் கோடு: இந்த மூன்றையும் ஒருமுறை திரையில் பார்த்தவருக்கு மறுமுறை யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

நீலத் திமிங்கலங்கள் உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் பாடல் வேறு. பாடலை வைத்தே கூட்டங்களைப் பிரிக்கலாம் என்று 2006இல் மெக்டொனால்டு குழுவினர் வாதிட்டு, உலகம் முழுவதற்கும் 9 வகைப் பாடல்களைப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியல் இந்தியப் பெருங்கடலில்தான் வேகமாகப் பழசானது. சல்வதோரே செர்கியோ மொசாம்பிக் கால்வாய்ப் பதிவில் யாரும் கேட்டிராத பாடல் ஒன்றைக் கண்டார். அதே பாடல் ஓமான் கரையிலும் கிடைக்க, 2020இல் அது தனிவகையாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே சாகோஸ் தீவுக்கூட்டத்திலிருந்து இன்னொன்று வந்தது. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தைக் கண்காணிக்க அங்குள்ள தியேகோ கார்சியா தீவருகே நிறுவிய ஹைட்ரோபோன்கள், 2004 டிசம்பர் 26இல் சுமத்ரா நிலநடுக்கத்தின் இரைச்சலையும் பதிந்தவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமானுவேல் லெராய், டிரேசி ராஜர்ஸ் குழுவினர் அந்தக் கருவிகளின் பல ஆண்டுப் பதிவுகளை அலசி, சாகோஸ் பாடலைத் தனிக் கூட்டத்தின் அடையாளமாக முன்வைத்தார்கள். அந்தப் பாடல் இலங்கைக் கரைவரையும், கிழக்கே ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி கரைவரையும் கேட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் நம் கடலைப் பற்றிய அரிய தகவல் அதன் கருவிகளிலிருந்தே வந்திருக்கிறது.

இந்தியாவின் பங்கு தென்சென்னைப் புறநகரில் தொடங்குகிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்து வேளச்சேரி பஸ் ஏறினால், வழியில் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) வரும். 1993இல் தொடங்கிய இந்நிறுவனம் கடலின் பின்னணி இரைச்சலை அளக்கத் தானியங்கிக் கருவிகளை உருவாக்கி ஆழங்குறைந்த கடலில் இறக்கியது. காற்று, மழை, கப்பல் எழுப்பும் ஓசைகளை அளப்பதே நோக்கம். தென்கிழக்கு அரபிக்கடலில் 2011 ஜனவரி முதல் மே வரை கிடந்த ஒரு கருவியில் கூன்முதுகுத் திமிங்கலம் பாடியிருந்தது. மகந்தி, லதா, திருநாவுக்கரசு ஆகியோர் அந்தப் பதிவில் ஏழு வகை ஒலிகளையும், அவை கோத்து அமைந்த இரண்டு பெருந்தொடர்களையும் பிரித்தெடுத்து 2015இல் வெளியிட்டார்கள். ஜனவரி நடுவில் தொடங்கிய குரல் பிப்ரவரியில் உச்சம் தொட்டு, மார்ச் நடுவோடு நின்றுபோனது. கூன்முதுகுத் திமிங்கலங்களின் பாடல் இனப்பெருக்கக் காலத்தோடு சேர்ந்தது என்பதால், இது அவற்றின் இனப்பெருக்க வட்டாரமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கலங்கள் மற்றவற்றைப் போலத் துருவம் நோக்கி வலசை போவதில்லை. ஓமான் கடலில் எடுத்த கணக்கு சுமார் 82தான். 1960களின் நடுவில் சோவியத் கப்பல்கள் திருட்டுத்தனமாக 242ஐக் கொன்ற கூட்டம் இது.

கோவாவின் கிராண்ட் தீவருகே 2017 மார்ச்சில் எடுத்த பதிவிலும் கூன்முதுகுத் திமிங்கலப் பாடல் கிடைத்தது. லட்சத்தீவின் கவரத்தி அருகே திவ்யா பணிக்கர், கேத்லீன் ஸ்டாஃபோர்டு இருவரும் முக்குளிப்பவர்கள் துணையோடு கருவிகளைக் கட்டி, 2018 டிசம்பர் முதல் 2020 ஜனவரி வரை ஓடவிட்டார்கள். அதில் கேட்டது இலங்கைப் பாடல். இந்தியக் கடலில் நீலத் திமிங்கலப் பாடலுக்கு அதுவே முதல் சான்று. கேரளப் பல்கலைக்கழகக் குழு விழிஞ்ஞம் கடலில் இட்ட கருவியும் 2021இல் நீலத் திமிங்கலக் குரலைப் பதிந்தது. 

இம்முறையின் குறை சிறியதல்ல. பாடுபவை ஆண்கள்தாம். 2017 நவம்பரில் ஓமானின் மசீரா வளைகுடாவில் சாட்டிலைட் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற கூன்முதுகுத் திமிங்கலம் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்திய மேற்குக் கரைக்கு வந்து திரும்பியது. அது பெண். அது பாடித் தன் வரவைச் சொல்லியிருக்காது. ஒலிப்பதிவை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பயணம் ஏட்டில் ஏறியிருக்காது. ஆக, ஒலியைக் கொண்டு வரையும் பரவல் வரைபடம் பாடும் ஆண்களின் வரைபடமே. குரல் கேட்காத இடத்தில் திமிங்கலம் இல்லை என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. உலகெங்கும் நீலத் திமிங்கலப் பாடலின் சுருதி ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவருவதும் 2009இல் தெரியவந்தது. பழைய அளவில் தேடும் மென்பொருள் புதிய பாடலைத் தவறவிடும்.

கப்பல் இரைச்சலும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான் நிரம்புகிறது. இலங்கையின் தெய்வந்துறைக்குத் தெற்கே உலகின் நெருக்கடியான கப்பல் பாதைகளில் ஒன்று, நீலத் திமிங்கலங்கள் இரைதேடும் இடத்தின் ஊடே போகிறது. அந்த இடத்தைத் தவிர்க்க, எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது.

மேலே சொன்ன இந்தியப் பதிவுகள் எல்லாம் மேற்குப் பக்கத்தவை. கிழக்குப் பக்கத்தில் நமக்குக் கிடைப்பது கரை ஒதுங்கியவற்றின் கணக்கே: தூத்துக்குடி மாவட்டக் கரையில் 1973 ஜனவரியில் 147 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் மறுபடி 80க்கும் மேல். கரையில் ஒதுங்கியபின் எண்ணுவது ஆய்வாகாது. கருவி செய்யும் திறமை பள்ளிக்கரணையிலேயே இருக்கிறது. மணப்பாடு, நாகப்பட்டினம், சென்னை என்று கிழக்குக் கரை நெடுக ஆண்டு முழுதும் கேட்கும் நிலையங்களை அரசு அமைக்க வேண்டும்.