நிலாவெளியில விவாகரத்துக் கோவை எங்க கிடக்குது?

அம்மம்மா காலத்து விவாகரத்து ஒன்றைத் தேடி குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்குப் போனா, கல்யாணப் பதிவைத்தான் கேட்கலாம். பிரிஞ்ச கதை அங்க இல்ல. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, மணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேணும். அதனால எங்கட ஆக்களின் கோவை வழக்கமா திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில கிடக்கும். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு 1951இன் சட்டம், காதி நீதிமன்றம். கண்டியச் சட்டப்படி முடிச்ச சிங்களவரை மாவட்டப் பதிவாளரே பிரிச்சு விடலாம், வழக்கே வேண்டாம்!

நீதிமன்றத்தில பிரதி எடுக்க வழக்கிலக்கம் முக்கியம். தெரியாட்டி இருவரின் பெயரையும் வருசத்தையும் சொல்லிப் பழைய பதிவேட்டில தேடச் சொல்லணும். கிடைச்சாலும் அவசரப்படாதீங்க. முதல் தீர்ப்பு முடிவல்ல. குறைந்தது மூன்று மாதம் கழிச்சு அது முற்றாக்கப்பட வேணும். அது நடக்காட்டி, சட்டத்தின் கண்ணில அவ இன்னும் பழைய கணவரின் மனைவிதான்.

1990 இடப்பெயர்வும் 2004 சுனாமியும் வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோன ஊர் இது. வழக்கிலக்கம் எழுதின துண்டும் அதோட போயிருக்கும். மற்றப் பகுதியாரிட்ட ஒரு பிரதி இருக்கலாம். ஆனா அந்த வீட்டுப் படலையைத் தட்டப் போறது யார்?