பாணர் காத்த வழி: பெர்ன் காவியமும் ஒலிநூலும்

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டிராகன்ஃபிளைட்’ என்னும் நாவல் வெளிவந்தது. ஓர் உலகமே அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காக்கும் வழி ஆள்வோர் ஆணையிலும் இல்லை, ஆவண ஏடுகளிலும் இல்லை. பாணர் மரபில் வழங்கிவந்த பழம்பாடல் ஒன்றில் இருக்கிறது. டிராகன் போரும் காலப்பயணமும் நிறைந்த இக்கதையின் உயிர்நிலை இதுவே. பாடலைப் பற்றிய அந்நாவல் பிற்காலத்தில் ஒலிநூலாகிச் செவிக்கே வந்து சேர்ந்த வரலாறு கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்கது.

இசையறிந்த ஆசிரியர்

நூலாசிரியர் ஆன் மெக்காஃப்ரி (1926–2011) மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ராட்கிளிஃப் கல்லூரியில் ஸ்லாவிய மொழிகளும் இலக்கியமும் பயின்று 1947இல் பட்டம் பெற்றார். குரலிசையில் பல்லாண்டு பயிற்சி உடையவர். ஜெர்மானிய இசையறிஞர் கார்ல் ஓர்ஃபின் இசைநாடகம் ஒன்று அமெரிக்காவில் 1963இல் முதன்முறை அரங்கேறியபோது அதனை நெறிப்படுத்தினார். 1970இல் அயர்லாந்தில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

பெர்ன் உலகின் முதற்கதை ‘அனலாக்’ இதழில் 1967 அக்டோபரில் வெளியாயிற்று. அதற்கு 1968இல் ஹியூகோ விருது கிடைத்தது. புனைகதைக்காக அவ்விருதைப் பெற்ற முதற்பெண் இவரே. அடுத்த கதை நெபுலா விருதையும் ஈட்டித் தந்தது. இவ்விரு கதைகளும் இணைந்து வளர்ந்ததே ‘டிராகன்ஃபிளைட்’.

பயிர் காக்கும் போர்

மேலைநாட்டுப் பழங்கதைகளில் டிராகன் பெரும்பாலும் புதையல் காக்கும் கொடிய விலங்கு. வீரன் அதைக் கொன்று புகழ் பெறுவான். மெக்காஃப்ரி இம்மரபைத் தலைகீழாக்கினார். பெர்னில் டிராகன் மனிதனின் துணை. முட்டையிலிருந்து வெளிவரும் கணத்திலேயே அது ஒருவரைத் தன் துணையாகத் தேர்ந்துகொள்கிறது. அதுமுதல் இருவர் உள்ளமும் ஒன்றோடொன்று பேசும். துணைவர் இறந்தால் டிராகனும் உயிர் தரியாது.

போரும் மன்னனுக்கும் மன்னனுக்கும் இடையே நிகழ்வதன்று. செந்நட்சத்திரம் என்னும் கோள் ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு ஒருமுறை அணுகி வரும்போது, ஐம்பது ஆண்டுகள் வரை வானிலிருந்து வெள்ளிய இழைகள் பொழிகின்றன. அவை விழுந்த இடத்தில் பயிரும் மரமும் உயிரும் எஞ்சா. டிராகன்கள் ஒருவகைக் கல்லைத் தின்று நெருப்பை உமிழ்ந்து அவ்விழைகளை வானிலேயே எரிக்கின்றன. மண்ணைக் காக்க நிகழும் போர் இது.

கதை தொடங்கும் காலத்தில் ஏறத்தாழ 400 ஆண்டுகளாக இழை விழவில்லை. டிராகன்கள் வாழும் மலைக்கோட்டைகள் ஆறனுள் ஐந்து வெறிச்சோடிக் கிடக்கின்றன. அவற்றில் வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்பதை யாரும் அறியார். எஞ்சிய பெண்டன் கோட்டைக்குத் தரவேண்டிய திறையையும் மக்கள் மறுக்கத் தொடங்குகின்றனர். இந்நிலையில்தான் செந்நட்சத்திரம் மீண்டும் தோன்றுகிறது.

ஏடு மறந்தது, பாடல் மறக்கவில்லை

பதனிட்ட தோலில் எழுதப்பட்ட ஆவணங்கள் சிதைந்துவிட்டன. எஞ்சியவற்றையும் படித்தறிவது அரிது. ஆயினும் ஐந்து கோட்டையினர் சென்றதைக் கேள்வி வடிவில் கூறும் பாடல் ஒன்று மட்டும் வாய்வழியாகப் பிழைத்திருக்கிறது. பாடியவர் பலர், பொருள் உணர்ந்தவர் இலர். பொருள் தெரியாமலே சொல் பிசகாது காத்ததுதான் பாணர் செய்த தொண்டு.

அப்பொருளை உணர்பவள் லெஸ்ஸா என்னும் பெண். டிராகன்கள் குளிர்ந்த ஒரு வெறுவெளியுள் மறைந்து வேறிடத்தில் வெளிப்படும் ஆற்றல் உடையன. செல்லும் இடத்தின் தெளிந்த உருவம் துணைவர் மனத்தில் இருத்தல் வேண்டும். இவ்வாற்றல் இடத்தை மட்டுமன்றிக் காலத்தையும் கடக்கும் என்பதை அவள் தற்செயலாகக் கண்டறிந்திருந்தாள். காணாமற்போனோர் இடத்தில் மறையவில்லை, காலத்தில் முன்னோக்கி வந்தனர் எனப் பாடல் அவளுக்குக் காட்டிற்று. பழைய திரைச்சீலை ஒன்றில் நெய்யப்பட்டிருந்த கோட்டை வாயிலின் தோற்றத்தை மனத்திற்கொண்டு, தன் டிராகன் ராமோத்துடன் 400 ஆண்டுகள் பின்னோக்கித் தாவுகிறாள். உயிர் போகும் நிலைக்கு ஆளாகியும் மீண்டு, ஐந்து கோட்டையினரையும் தன் காலத்துக்கு அழைத்து வருகிறாள். அவர்கள் மறைந்த காரணம் அவளே. அவள் தேடிய விடை அவள் செயலாகவே முடிந்தது.

பாடல் வினாவைக் காத்தது. திரைச்சீலை வழியைக் காட்டியது. துணிந்தது ஒரு பெண்ணின் உள்ளம். இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வுலகம் பிழைத்திராது.

பாடத் தடை

பாணர் மரபின் பெருமையை மட்டும் ஆசிரியர் பாடவில்லை. அதன் வாயில் யாருக்கு அடைக்கப்பட்டது என்பதையும் காட்டினார். 1976இல் வெளிவந்த ‘டிராகன்சாங்’ நாவலின் நாயகி மெனோலி மீனவர் குடியில் பிறந்தவள். தானே இசையமைக்க வல்லவள். பெண் பாணராவது குடிக்கு இழிவு எனத் தந்தை தடுக்கிறார். அவள் கையில் காயம் பட்டபோது, இனி வாசிக்க இயலாதவாறு அது கோணலாகவே ஆறட்டும் எனத் தாயும் விட்டுவிடுகிறாள். வீட்டைத் துறந்து கடற்கரைக் குகையில் வாழும் அவளது பாடல்களோ, இயற்றியவர் பெயர் அறியாமலே பாணர் தலைவர் ராபின்டனைச் சென்று சேர்ந்திருக்கின்றன. அவர் தேடுவது அவளையே. பாடலைக் காக்கும் சமூகம் பாடுபவளைக் காக்கத் தவறலாம் என்னும் உண்மை இங்கே வெளிப்படுகிறது.

செவிக்கு வந்த நூல்

பேசும் நூல் என்னும் எண்ணம் ஒலிப்பதிவுக் கருவியுடனேயே பிறந்தது. 1877இல் அக்கருவியைக் கண்ட எடிசன், பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் நூல்களை அதன் பயன்களுள் ஒன்றாக மறு ஆண்டே குறிப்பிட்டார். அது கைகூட அரைநூற்றாண்டுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் 1934இலும் பிரிட்டனில் 1935இலும் பார்வையற்றோர்க்கான பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வழங்கப்பெற்றன. தட்டின் ஒரு பக்கம் சிறிது நேரமே ஒலித்ததால், நாவல் ஒன்றுக்குத் தட்டுகள் பல தேவைப்பட்டன.

1952இல் நியூயார்க்கில் இளம்பெண்கள் இருவர் தொடங்கிய கேட்மன் நிறுவனம் கவிஞர் டிலன் தாமஸின் குரலைப் பதிவு செய்தது. ஆங்கிலத்தில் பெயர் அறியப்பட்ட முதற் கவிஞரான, மாடு மேய்த்து வாழ்ந்த கேட்மனின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினர். 1963இல் வந்த ஒலிநாடாப் பேழையும், பின்னர்க் கணினியும் நெடுங்கதைகளைச் செவிக்கு எளிதாக்கின. பெர்ன் நாவல்களும் இவ்வழியே ஒலிநூல்களாயின; ‘டிராகன்ஃபிளைட்’ நாவலை டிக் ஹில் வாசித்துள்ளார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ‘டிராகன்ஃபிளைட்’ நாவலின் பகுதிகளுக்கு முகப்பாகப் பாணர் செய்யுள்கள் அமைந்துள்ளன. அச்சுநூலில் கதைவேகத்தில் செல்லும் கண் அவற்றை எளிதில் தாண்டிவிடும். செவிக்கு அவ்வுரிமை இல்லை. வாசிப்பவர் செய்யுளை நிறுத்திச் சொல்லும்போது கேட்பவரும் நின்றே ஆகவேண்டும். கதையின் முடிச்சு ஒரு பாடலுக்குள் இருக்கிறது என்பதை அறிவிக்கும் வகையில், அலங்காரமாய்த் தோன்றிய அடிகள் கதையின் உறுப்பாகிவிடுகின்றன. இழப்பும் இல்லாமலில்லை: நிலப்படமும் சொல்லடைவும் செவிக்கு எட்டா, மயங்கிய இடத்தை உடனே புரட்டிப் பார்ப்பதும் எளிதன்று. எனினும் பாணரின் நூல் பாணரின் முறையிலேயே வழங்கப்பெறுவது அதற்கு உரிய இடத்தை அதற்கு மீட்டுத் தருகிறது.

குரல் ஓய்ந்த இடம்

1991இல் வெளியான ‘ஆல் த வெயர்ஸ் ஆஃப் பெர்ன்’ நாவலில் இக்கருத்து மேலும் ஒரு படி செல்கிறது. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து குடியேறியோர் விட்டுச்சென்ற அயிவாஸ் என்னும் கணினி மண்ணுக்கடியிலிருந்து மீட்கப்படுகிறது. அது குரலால் பேசுகிறது. தம் முன்னோர் வேறோர் உலகினர் என்பதையே மறந்துவிட்ட மக்களுக்கு அக்குரல் வரலாற்றைச் சொல்கிறது. பாணர் பாடல்கள் ஒரு வழியைக் காத்தன. ஆனால் தோற்றத்தைக் காக்க இயலவில்லை. மனித நினைவின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே தெரியும் இடம் இது.

இழை இனி விழாதவாறு செந்நட்சத்திரத்தின் பாதையை மாற்ற வழிகாட்டியபின், தன் பணி முடிந்ததென அயிவாஸ் அடங்குகிறது. அதனருகே அமர்ந்த நிலையிலேயே முதிய பாணர் ராபின்டனும் உயிர் நீக்கிறார். பொறியின் குரலும் பாணன் குரலும் ஒரே அறையில் ஓய்கின்றன. ஆனால் அவர் கற்பித்த பாடல்களைப் பாட மெனோலி இருக்கிறாள். பாடலுக்குக் காலம் கடக்கும் ஆற்றலைத் தருவது கருவியன்று; அதை வாங்கிக்கொள்ளும் அடுத்த குரலே.